துய்மா வீதிப் பியானோ

தெய்வநாயகத்துக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. புதுச்சேரியை ஒட்டிய சாரத்தில் இந்த உண்மை அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து, பென்ஷனோடு முந்தின வருஷம் ஊர் திரும்பியவர் அவர். பட்டாளம் என்று பெயரே தவிர, பல வருஷங்களாக அவர் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கப்பித்தேன் பதவியில் இருந்த ஓர் அதிகாரியின் வீட்டில் ஏவல் வேலை. காலையில் எழுந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவார். நாயைக் குளிப்பாட்டுவார். கூடத்தில் இருந்த பியானோவை மெல்லிய துணியால் துடைப்பார்.

முதல் லீவில் வந்தபோது மனைவி தில்லையம்மாள், "அங்க உங்களுக்கு இன்னா வேல?" என்று கேட்டாள். நாயைக் குளிப்பாட்டுகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கப்பித்தேன் வீட்டுப் பியானோ என் பொறுப்பு" என்றார். அது பொய் இல்லை.

பியானோ என்றால் என்ன என்று அவள் கேட்டாள். அவர் விளக்கிச் சொன்னார். "அப்போ நீங்க வாசிப்பீங்களா?" என்றாள் அவள், கண்ணை அகல விரித்து. அந்த இடத்தில் ஒரு சின்ன 'இல்லை' போதுமாயிருந்தது. அவர் தலையை ஒரு மாதிரியாக ஆட்டினார். அவள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த லீவில் வந்தபோது தெரு முழுவதும் அவரைப் பியானோக்காரர் என்று அழைத்தது. அதற்கடுத்த லீவில், தான் வாசித்ததைக் கேட்டு ஒரு ஜெனரல் அழுதுவிட்டதாக அவரே சொன்னார். எப்படிச் சொன்னோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவருக்குப் புரியவில்லை. திண்டிவனத்து மாமனார் வந்திருந்தார், சாப்பாடும் பலமாக இருந்தது, அவ்வளவுதான் நினைவிருந்தது.

ஊரோடு வந்து சேர்ந்தபின் அவருக்கு இதில் பெரிய பயம் இல்லை. சாரத்தில் பியானோ ஏது? யாராவது கேட்டால், "வாத்தியம் இல்லாம எப்டி வாசிக்கிறது?" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு அவருக்கு நன்றாகவே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கமலவேணி வந்தாள். மில் தொழிலாளி ஒருவரின் மனைவி; இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். 'எங்க வீட்டுக்காரர் வந்ததும் உன் பொண்ணுங்களுக்குப் பியானோ சொல்லித் தருவாரு' என்று எந்தக் காலத்திலோ தில்லையம்மாள் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். கமலவேணி அதை மறக்கிற ஆள் இல்லை.

"அக்கா, சேதி தெரியுமா? துய்மா வீதியில ஒரு வெள்ளக்காரர் வீட்டுப் பியானோ விக்கிது. வீட்டுக்காரங்க பிரெஞ்சுக் கொடி எறங்கனப்பவே கப்பல் ஏறிட்டாங்களாம். காவக்காரன்தான் விக்கிறானாம். கொஞ்சம் அடிபட்டுக் கெடக்குதாம், ரிப்பேர் பண்ணா ஆவுமாம். அண்ணனுக்கு இதவிட வேற இன்னா வேணும்?"

தெய்வநாயகம் கேழ்வரகு அடை தின்றுகொண்டிருந்தார். வாயில் இருந்த துண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தில்லையம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

"சந்தோசத்துல பொறையேறிடுச்சு" என்றாள் கமலவேணியிடம். பிறகு அவரைப் பார்த்து, "நாளைக்கே போயிப் பாத்துடுவோங்க" என்றாள்.

"அடிபட்ட பியானோவ வாங்கக் கூடாது தில்ல. அது மாடு வாங்கற மாதிரி இல்ல."

"மாடு வாங்கறதுக்கே பல்லப் புடிச்சிப் பாக்கறோம். இதையும் நல்லாப் புடிச்சிப் பாருங்க. தேறாதுன்னா வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தையைத் தெய்வநாயகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போவது, பார்ப்பது, உதட்டைப் பிதுக்குவது, 'தேறாது' என்று சொல்லிவிட்டு வருவது. பியானோவைப் பற்றித் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தானே? எதிர்த்துப் பேச யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலையில் தில்லையம்மாள் கல்யாணத்துக்குக் கட்டுகிற சுங்குடிப் புடவையைக் கட்டிக்கொண்டு தானும் கிளம்பினாள். ரிக்ஷா துய்மா வீதிக்குள் திரும்பி, மஞ்சள் சுவரும் உயர்ந்த கதவுமாக இருந்த அந்த வீட்டின் முன் நின்றபோது, வாசலில் ஒருவர் தோளில் பையோடு நின்று கும்பிட்டார்.

"இவரு யாரு?" என்றார் தெய்வநாயகம்.

"ஆதிமூலம். ஆர்மோனியம் ரிப்பேர் பண்றவரு. நான்தான் நேத்தே சொல்லி அனுப்பிச்சேன்" என்றாள் தில்லையம்மாள். "நீங்க கொறயச் சொல்லுங்க, அவரு அது ஆவுமா ஆவாதான்னு சொல்லுவாரு."

ஆதிமூலத்தை ஊரில் பலருக்குத் தெரியும். நாடகக்காரர்களின் ஆர்மோனியம், தையல் மெஷின், சுவர்க்கடிகாரம் என்று எது வந்தாலும் பிரித்துவிடுவார். எதைப் பார்த்தும் 'முடியாது' என்று அவர் சொன்னதில்லை. பிரித்ததை எல்லாம் திரும்பப் பூட்டினாரா என்பது வேறு விஷயம்.

காவல்காரன் சின்னக்கண்ணு கதவைத் திறந்தான். பெரிய கூடம் காலியாக இருந்தது. நாற்காலி, மேஜை, கண்ணாடி எல்லாம் விற்றுப் போய்விட்டன. பியானோ மட்டும் யாருக்கும் வேண்டாததாய்ப் பின்தாழ்வாரத்தில், கோணி போர்த்தி நின்றது. அங்கிருந்து கடல் இரண்டு தெரு தள்ளித்தான். உப்புக் காற்று நேராக வந்து அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

சின்னக்கண்ணு கோணியை உருவினான். சுவரோடு சாய்ந்து நிற்கிற வகைப் பியானோ. ஒரு காலத்தில் கறுப்பு மெருகோடு இருந்திருக்க வேண்டும். இப்போது மெருகு செதில் செதிலாக உரிந்து கிடந்தது. மெழுகுவத்தி வைக்கும் பித்தளைக் கிளைகளில் ஒன்று இருந்தது, ஒன்று இல்லை. ஒரு பக்கத்துக் காலைக் காணோம். அதற்குப் பதில் செங்கல் அடுக்கியிருந்தது. மூடியைத் திறந்தால், வெள்ளைக் கட்டைகளில் பாதிக்கு மேல்தகடு உதிர்ந்து போய், பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது.

தெய்வநாயகத்துக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், உச்சுக்கொட்டினார்.

"கால் போயிடுச்சு" என்றார் ஆரம்பமாக. "கரையான். ஒரு காலத் தின்னது மத்தத உடுமா? தேறாது."

ஆதிமூலம் சுத்தியலால் மற்ற கால்களைத் தட்டிப் பார்த்தார். "அது கெடக்குது முசே. கரையான் இந்த ஒரு காலோட போயிடுச்சு. தேக்குல ஒண்ணு கடைஞ்சி மாட்டிட்டா நூறு வருசம் நிக்கும்."

"மேல்தகடு பாருங்க. யானத் தந்தம். தந்தத்துக்கு இப்ப எங்க போறது?"

"தந்தம் எதுக்கு முசே? சட்டப் பொத்தான் செய்யறாங்களே, அந்த எலும்பு போதும். ராவி ஒட்டுனா அந்த யானைக்கே வித்தியாசம் தெரியாது."

தில்லையம்மாள் சிரித்தாள். தெய்வநாயகம் சிரிக்கவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தார். முதுகுப் பலகையில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல் ஓடியது.

"இதான் உசுரு" என்றார் கனத்த குரலில். "பலக பொளந்தா நாதம் போயிடும். போன நாதம் வராது."

"வச்சிரம் போட்டு ஒட்டிடலாம்" என்றார் ஆதிமூலம்.

தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசையைத்தான் அவர் சொன்னார். சமையலறைப் பக்கம் நின்றிருந்த சின்னக்கண்ணுவின் பெண்டாட்டி பதறிப்போய், "வஞ்சிரமெல்லாம் இல்லீங்க, நெத்திலிதான் இருக்குது!" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. சின்னக்கண்ணு மட்டும் அவளை முறைத்தான். ஆதிமூலம் சந்தேகத்தோடு பியானோவின் கீழ்ப்பலகையை நெம்பித் திறந்தார். உள்ளே, கம்பிகளுக்கு முன்னால், பனையோலைப் பைகளில் கட்டுக்கட்டாகக் கருவாடு. நெத்திலி, கவளை, ஒரு முழுச் சுறா. தேங்காய்த்திட்டு மீனவர்களிடம் வாங்கி வந்து மழைக்காலத்துக்கென்று வைத்திருந்தார்கள். வாசனை தாழ்வாரம் முழுக்க எழுந்தது. தில்லையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"பூன தொறக்க முடியாத பொட்டி இந்த வூட்டுல இது ஒண்ணுதாங்க" என்றான் சின்னக்கண்ணு தலையைச் சொறிந்துகொண்டு.

"போச்சு!" என்றார் தெய்வநாயகம். அவர் குரலில் துக்கத்தை விட உற்சாகம்தான் கூடுதலாக இருந்தது. "கருவாட்டு உப்பு கம்பியில எறங்கிடுச்சு. பாரு தில்ல, எல்லாம் துரு. பியானோவுக்குக் கம்பிதான் நரம்பு. நரம்பு போனவன் எழுந்திருப்பானா?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிடும். அறுந்ததுக்கு மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுல கம்பி கெடைக்கும். என் மச்சான் அங்கதான் இருக்கான்" என்றார் ஆதிமூலம். அவருக்கு இப்போது சூடு பிடித்துவிட்டது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேல்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். குளவிக்கூடு இரண்டைப் பிய்த்து வெளியே எறிந்தார். பிறகு ஒரு கட்டையை அழுத்தினார். உள்ளே ஒரு சின்ன மரச் சுத்தி எழுந்து, கம்பியைத் தொடாமலே படுத்துக்கொண்டது. இன்னொன்றை அழுத்தினார். 'டொங்' என்றது, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதைப் போல.

"பேசுது!" என்றார் ஆதிமூலம். "முசே, ஒரு சந்தேகம். ஆர்மோனியத்துல நாங்க ஒண்ணாங்கட்டன்னு சொல்லுவோமே, அது இதுல எது?"

தெய்வநாயகம் பியானோவை நீள நெடுகப் பார்த்தார். எண்பதுக்கு மேல் கட்டைகள் அவரைத் திரும்பிப் பார்த்தன.

"அது ஊருக்கு ஊர் மாறும்" என்றார்.

ஆதிமூலம் மரியாதையோடு தலையசைத்துவிட்டு மறுபடி உள்ளே குனிந்தார். "கம்பளியெல்லாம் பூச்சி அரிச்சிடுச்சு. இதுதான் கொஞ்சம் கஷ்டம். கட்டைக்கு அடியில, கம்பிய அமுக்கற எடத்துல எல்லாம் நல்ல தடிப்பான கம்பளித் துணி வேணும். நம்ம ஊருல கெடைக்கிற கம்பளி ஆவாது."

முதல் தடவையாக அந்த மனிதர் 'கஷ்டம்' என்று சொல்லியிருந்தார். தெய்வநாயகம் அதை விடவில்லை. "அதான் நானும் சொல்றேன். அந்தக் கம்பளி பிரான்சுலதான் கெடைக்கும். நம்மால ஆவாது. வா தில்ல, போலாம்."

"பிரான்சுக் கம்பளிதானே?" என்றாள் தில்லையம்மாள். "உங்க பட்டாளத்துக் கோட்டு பொட்டியில சும்மாத்தானே கெடக்குது?"

ஒரு குளிர்காலம் அவர் பிரான்சில் இருந்தபோது பட்டாளத்தில் கொடுத்த கோட்டு அது. சாம்பல் நிறம், முழங்கால் வரை நீளம், பித்தளைப் பொத்தான். வருஷத்துக்கு ஒரு தரம் வெயிலில் போட்டு, தட்டி, நாப்தலின் உருண்டையோடு அவர் கையாலேயே மடித்து வைப்பார். அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை.

"கோட்டா!" என்றார்.

"தடிப்பா இருக்குமா மதாம்?" என்றார் ஆதிமூலம் ஆவலோடு.

"ரெண்டு கையால தூக்கணும். அவ்ளோ கனம்."

"அப்ப முடிஞ்சிது வேல!"

தெய்வநாயகம் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டார். அவர் எதைக் குறை என்று காட்டினாலும் அதைச் சரிசெய்ய ஒரு வழி இருந்தது. போகிற போக்கைப் பார்த்தால் பியானோவுக்காக அவர் தோலை உரித்தாலும் உரிப்பார்கள் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. இறங்கி வந்தவர் ஜானகிராமன். பஸ் நிலையத்துப் பக்கம் புதிதாக ஒரு பிராந்திக் கடை திறந்தவர். மெட்ராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு இருந்ததால், எல்லை தாண்டி வருகிறவர்களால் அவர் கடை நிறைந்து வழிந்தது. வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம், சிரித்த முகம்.

"பியானோ இருக்குதாமே?" என்றார் சின்னக்கண்ணுவிடம். பிறகுதான் மற்றவர்களைப் பார்த்து, "ஓகோ, நீங்க முன்னாடியே வந்துட்டீங்களா?" என்றார்.

தெய்வநாயகத்துக்கு ஜானகிராமனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர் வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது. கோட்டும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். ஒரு நொடியில் அவர் ஆளே மாறினார்.

"வாங்க, வாங்க! அருமையான சாமான். இந்த மாதிரி ஒண்ண நான் சைகோன்லகூடப் பாத்ததில்ல."

"அப்டியா? கால் ஒண்ணக் காணோமே?"

"கால் இன்னாங்க கால்! தேக்குல கடைஞ்சி மாட்டிட்டா நூறு வருசம் நிக்கும். பலக விரிசல் வச்சிரத்துல ஒட்டிடும். கம்பிய உப்புத்தாள் போட்டுத் தேச்சாப் போதும். தகட்டுக்கு எலும்பு. எல்லாம் ரெண்டு மாசத்து வேல."

ஆதிமூலம் தன் வார்த்தைகள் அப்படியே திரும்பி வருவதைக் கேட்டுப் பெருமையோடு நின்றார். தில்லையம்மாள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பக்கத்தில் வந்து கையைக் கிள்ளினாள்.

"இன்னாங்க, இவ்ளோ நேரம் தேறாது தேறாதுன்னீங்க?" என்றாள் மெல்ல. பிறகு அவள் முகம் மலர்ந்தது. "ஓ! வெலயக் கொறைக்கத்தான் அப்டிச் சொன்னீங்களா? கெட்டிக்காரருதான். ஆனா இப்ப ஏன் அந்த ஆளுகிட்ட உண்மையக் கொட்றீங்க? வாய மூடுங்க. நாமளே வாங்கிடலாம்."

தெய்வநாயகம் மறுபடி தூணுக்கே திரும்பினார். திட்டினால் ரிப்பேர் ஆகிறது, புகழ்ந்தால் மனைவிக்கு ஆசை கூடுகிறது. இனி என்னதான் பேசுவது?

ஜானகிராமன் பியானோவைச் சுற்றி வரவில்லை. கட்டை எதையும் தொட்டுப் பார்க்கவுமில்லை. மேல்மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். கையை விட்டு ஆழத்தை அளந்தார். கருவாட்டு மூட்டைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, கீழ்ப்பகுதியின் அகலத்தையும் சாண் போட்டுப் பார்த்தார்.

"நல்லா எடம் இருக்குது" என்றார் திருப்தியாக. "ஐயா, நீங்க சொன்ன ரிப்பேர் ஒண்ணும் எனக்கு வேணாம். இந்தக் கம்பி, இரும்பு, சுத்தி எல்லாத்தையும் பிடுங்கிக் காயலாங்கடையில போட்டுட்டு, நாலு தட்டு அடிச்சேன்னா பாட்டில் அடுக்க நேர்த்தியா இருக்கும். மூடியத் தொறந்தா உள்ள பிராந்தி! மெட்ராஸ்காரன் பாத்தான்னா அசந்துடுவான்."

அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். சின்னக்கண்ணுவும் சேர்ந்து சிரித்தான். ஆதிமூலத்தின் முகம் வாடியது. "நாலு தட்டா?" என்றார் அவர் யாரிடமோ.

தெய்வநாயகமும் சிரித்திருக்க வேண்டும். அவர் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. 'சரி, எடுத்துக்கிடுங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார். ஆனால் அவர் கண் பியானோவின் திறந்த வயிற்றுக்குள் போய்விட்டது. துரு ஏறியிருந்தாலும் வரிசை தப்பாமல் நின்ற கம்பிகள், பூச்சி அரித்திருந்தாலும் ஒன்றை ஒன்று உரசாமல் நின்ற சின்னச் சின்னச் சுத்திகள். சைகோனில் தினமும் காலையில் வேறு யாரும் எழுந்திருக்கும் முன் அவர் அந்தக் கூடத்தில் தனியாக நின்று துடைப்பார். துணி கட்டைகளின் மேல் ஓடும்போது தவறி ஒன்று அழுந்திவிடும். அந்த ஒற்றைச் சத்தம் அடங்குகிற வரை அசையாமல் நிற்பார். அப்புறம்தான் அடுத்ததைத் துடைப்பார். அந்த வீட்டில் அவருக்குப் பிடித்த நேரம் அது ஒன்றுதான். அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. ஜெனரல் அழுததைச் சொன்னாரே தவிர, இதைச் சொன்னதில்லை.

"குடுக்க முடியாது" என்றார்.

"எது?" என்றார் ஜானகிராமன்.

"பியானோவ. இது நாங்க பாத்தது. நாங்க வாங்கறோம்."

"என்னய்யா, இப்பத்தானே என்கிட்ட வித்துக்கிட்டு இருந்தீரு?"

"வாசிக்கறதுக்கு வித்தேன். பாட்டில் அடுக்கறதுக்கு வேற எதாவது அலமாரியப் பாருங்க. இது வயித்துல கைய வெச்சீங்கன்னா நடக்கறதே வேற!"

அவர் இத்தனை சத்தமாகப் பேசி தில்லையம்மாள் கேட்டதில்லை. பட்டாளத்துக்காரர் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. ஜானகிராமன் தோளைக் குலுக்கினார். அவருக்கு ஒரு பழைய பெட்டிக்காகச் சண்டை போட நேரமில்லை. "வெச்சிக்கிடுங்க சாமி, கருவாட்டு நாத்தத்தோட எனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். தில்லையம்மாள் சின்னக்கண்ணுவோடு விலை பேசி முடித்தாள். கருவாடு மட்டும் அவனுக்கே என்று தீர்ந்தது.

திரும்பி வரும்போது ரிக்ஷாவில் தில்லையம்மாள் வாய் ஓயாமல் பேசினாள். எந்தச் சுவரோரம் வைப்பது, வாசல் போதாவிட்டால் எந்தச் சன்னலைப் பெயர்ப்பது, முதலில் யார் யாரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவது. தெய்வநாயகம் மிஷன் வீதி தாண்டும் வரை பொறுத்தார்.

"தில்ல, எனக்கு வாசிக்கத் தெரியாது."

"பழக்கம் விட்டுப் போயிருக்கும். வந்துடும்."

"இல்ல. எப்பவுமே தெரியாது. நான் அத தொடச்சேன். அவ்ளோதான்."

ரிக்ஷாக்காரன் மிதிப்பதைக் கொஞ்சம் நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டான். சின்ன வாய்க்கால் வந்தது, போனது. மார்க்கெட் வந்தது, போனது. தில்லையம்மாளின் மூக்கு நுனி சிவந்திருந்தது. அழப் போகிறாள் என்று அவர் பயந்தார்.

"ஜெனரல் அழுதாருன்னீங்களே?" என்றாள் கடைசியில்.

"ஜெனரல் அந்த வூட்டுக்கே வந்ததில்ல."

"தொடச்சதாவது நெசமா?"

"சத்தியமா."

"தெனமுமா?"

"தெனமும்."

"இத்தினி வருசம் தொடச்சிருக்கீங்க, ஒரு பாட்டாவது கையில ஒட்டிக்காதா? பாத்திரம் வெளக்கறவளுக்குக் கூட ஊட்டுக்காரங்க சமையல் தெரிஞ்சி போயிடுது!"

அவள் ரிக்ஷாவின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். தெருமுனையில் கமலவேணி இரண்டு பெண்களோடும் நின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் தலைவாரிப் பூ வைத்திருந்தது.

"இன்னா அக்கா, முடிஞ்சிதா?"

தில்லையம்மாள் ரிக்ஷாவிலிருந்து இறங்கினாள். ஒரு தடவை கணவரைப் பார்த்தாள். ஊர் முழுக்க அவள் பரப்பியது அவருடைய பொய்யாக இருந்தாலும், பரப்பிய வாய் அவளுடையது.

"முடிஞ்சிது" என்றாள். "ஆனா ரிப்பேருக்கு நாளாவும்."

பியானோ மாட்டு வண்டியில் வந்தது. வாசலில் நுழையாமல் போகவே சன்னலைப் பெயர்த்துத்தான் உள்ளே தூக்கினார்கள். ஆதிமூலம் இரண்டு மாதம் என்று சொன்ன வேலை மழைக்காலம் தாண்டியும் நீண்டது. தினமும் வந்தார், மதியம் சாப்பிட்டார், பிரித்ததையும் பூட்டினார். கோட்டை வெட்ட வேண்டிய நாளில் தெய்வநாயகம் கத்தரிக்கோலைத் தானே வாங்கிக்கொண்டார். முதலில் ஒரு கையை வெட்டினார். அது போதவில்லை. மறு கையையும் வெட்டினார். கை இல்லாத கோட்டை மார்கழிக் குளிரில் போட்டுக்கொண்டு, ஆதிமூலத்துக்கு எடுபிடியாகத் தரையில் உட்கார்ந்து, கம்பி ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்தார். வீட்டுக்குள் அந்த நாட்களில் தில்லையம்மாள் அவரிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் காபியை அவருக்கும் ஆதிமூலத்துக்கும் ஒரே அளவு பாலில்தான் கலந்தாள்.

பொங்கலுக்கு முன் ஒரு காலை, ஆதிமூலம் "அவ்ளோதான் முசே, வாசிச்சிப் பாருங்க" என்று எழுந்தார். தந்தமும் எலும்புமாகக் கட்டைகள் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளத்தன. சில கட்டைகள் பேசவில்லை. பேசியவை ஆர்மோனியத்து சுருதியில் பேசின. கருவாட்டு வாசனை முழுக்கப் போகவில்லை. தெருப் பூனைகள் சன்னலருகே காவல் கிடந்தன.

ஆதிமூலம் போனபின் தெய்வநாயகம் அதன் முன் உட்கார்ந்தார். துடைக்கிற துணியை எடுத்தார், வைத்தார். ஒரு விரலால் அழுத்தினார். பக்கத்துக் கட்டையை அழுத்தினார். கப்பித்தேனுக்கு ஒரு மகள் இருந்தாள், எட்டு ஒன்பது வயசு. தினமும் சாயங்காலம் அவளை உட்கார்த்தி ஒரே பாடத்தை வாசிக்க வைப்பார்கள். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். வெளியே நாயைத் துவட்டிக்கொண்டே அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்திருந்தது. இப்போது விரல் ஒவ்வொன்றாக அதைத் தேடிப் பிடித்தது. மத்தியானத்துக்குள் ஏற்றம் வந்தது. சாயங்காலத்துக்குள் இறக்கமும் வந்தது. அடுப்படியிலிருந்து தில்லையம்மாள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"இன்னும் ஒரு தடவ வாசிங்க" என்றாள்.

அவர் வாசித்தார். ஏறி, இறங்கி, மறுபடி ஏறும்போது ஓரிடத்தில் தடுக்கி நின்று, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

சன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் கமலவேணியின் தலை தெரிந்தது. "அக்கா, நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்த எடம் வந்ததும் ஏன் அண்ணன் திரும்ப மொதல்லேர்ந்து போறாரு?"

தெய்வநாயகத்தின் விரல்கள் கட்டை மேலேயே நின்றன. உண்மை அவருக்குத் தெரியும். கப்பித்தேன் மகள் எப்போதும் அந்த இடத்தில்தான் தடுக்குவாள். அதற்கு மேல் அந்தப் பாடத்தில் என்ன வரும் என்று அவர் கேட்டதே இல்லை.

"அது பிரெஞ்சுப் பாட்டு" என்றாள் தில்லையம்மாள், கண்ணைக்கூட இமைக்காமல். "அங்க நின்னு, நெனச்சிப் பாத்து, திரும்பத் தொடங்கணும். அதான் அவங்க வழக்கம். சைகோன்ல இதக் கேட்டு ஒரு ஜெனரலே அழுதுட்டாரு, தெரியுமா?"

கமலவேணி மறுநாளே பெண்கள் இரண்டு பேரையும் அனுப்பி வைத்தாள். பெரியவள் ஒரு மாசத்தில் பாடத்தைப் பிடித்துக்கொண்டாள். சின்னவளும் பிடித்தாள். அடுத்த வருஷம் அந்தத் தெருவில் இன்னும் மூன்று குழந்தைகள் சேர்ந்தன. எல்லோரும் நன்றாக வாசித்தார்கள், அதே இடத்தில் நின்றார்கள், நினைத்துப் பார்த்தார்கள், முதலிலிருந்து தொடங்கினார்கள்.